பீப் சத்தத்துக்கு வந்த இருபத்திரெண்டு குரங்கு

கண்ணை மூடு ஏட்டி. மூடிக்கிட்டே கேக்கணும், நடுநடுவுல ‘ம்’ போடணும். ‘ம்’ நின்னா கதையும் நின்னுரும். சரியா?

“ம்.”

ஒரு ஊர்ல ஒரு… ஊருன்னு கூடச் சொல்ல முடியாது. ஒரு மலை. மலை மேல ஏறுற ரோட்டுல ஒரு வளைவு, ஒம்பதாவது வளைவு. ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு டீக்கடை. கடைக்காரர் பேரு வெயிலுமுத்து அண்ணாச்சி. ரோட்டுக்கு அந்தப் பக்கம் காடு. காட்டுக்குள்ள இருபத்திரெண்டு குரங்கு.

அந்தக் கூட்டத்துக்குப் பெரியவ ஒருத்தி. அவளுக்கு வால் பாதிதான். குட்டியா இருக்கும்போது ரோட்டுல கெடந்த சிப்ஸை எடுக்கப் போனா. டர்ர்ர்ருன்னு ஒரு கார் வந்துச்சு. அவ தப்பிச்சுட்டா, வால் தப்பிக்கல. அதனால அவ பேரு அரைவால்.

“வலிச்சிருக்குமா?”

ரொம்ப வலிச்சிருக்கும். அதுக்காக அவ சிப்ஸை விட்டாளா? அதெல்லாம் விடல.

அந்த வளைவுல வார கார் எல்லாம் நிக்கும். கண்ணாடி சர்ர்னு எறங்கும். சிப்ஸு, முறுக்கு, வாழைப்பழம்னு தொப்பு தொப்புன்னு வெளிய வந்து விழும். பழம் விக்கிறது யாருன்னு நெனைக்க? நம்ம அண்ணாச்சிதான். ‘குரங்குக்குப் போடுங்க சார், பிள்ளைக்கு நல்லது’ன்னு சொல்லிச் சொல்லியே சீப்பு சீப்பா வித்துருவாரு. அப்போ குரங்கும் ரோட்டுல வந்து உக்காருமா, கிரீச்னு பிரேக்கு போடுவான் ஒருத்தன், பைக்குல இருந்து விழுவான் இன்னொருத்தன். எல்லாரும் சேர்ந்து மனு எழுதிப் போட்டாங்க.

அப்புறம் ரேஞ்சர் ஐயா வந்தாரு. காட்டுக்கு அதிகாரி. பேரு ஞானதுரை. பெரிய மீசை, பெரிய தொப்பி. ‘இது ரோட்டுக் குரங்கா, காட்டுக் குரங்கா? எனக்குத் தெரியணும். பாதி நேரத்துக்கு மேல ரோட்டுலதான் கெடக்குன்னா எல்லாத்தையும் கூண்டுல பிடிச்சு, தூரத்து மலையில கொண்டு விட்டுருவேன்’னாரு.

“விட்டா என்ன?”

அங்க ஏற்கெனவே வேற குரங்கு இருக்கும்லா? அதுங்க வா வான்னு கூப்பிடுமா? கடிச்சுத் துரத்தும். எந்த மரத்துல எப்போ பழம், எந்தப் பள்ளத்துல தண்ணி, ஒண்ணும் தெரியாது. குட்டிங்க தாங்கவே தாங்காது.

“ம்.”

இத யாரு பாத்துச் சொல்லுறது? அதுக்குன்னு ஒருத்திய அனுப்புனாங்க. பேரு இசக்கி. குரங்கு எங்க போகுது, என்ன திங்குதுன்னு பாத்துப் பாத்து எழுதுற படிப்பு படிச்சவ. அவ வீட்டுல காலேஜ் வாசலை மிதிச்ச முதல் ஆளே அவதான். அதனால பயம். தப்பு வந்துருமோ, தப்பு வந்துருமோன்னு ஒரு வரி எழுதுனா மூணு தடவை சரி பாப்பா. பேனால எழுத மாட்டா, பென்சில்தான்.

அவளுக்கு வாத்தியார் ஒரு முறை சொல்லிக் குடுத்திருந்தாரு. ‘கையில வாட்ச் கட்டிக்கோ. பத்து நிமிசத்துக்கு ஒரு தடவை பீப்னு அடிக்கும். அடிச்ச அந்த நேரத்துல எந்தக் குரங்கு எங்க இருக்கோ அதை மட்டும் எழுது. நடுவுல பாத்ததை எழுதாத.’

நல்ல முறைதான். ஆனா நம்ம இசக்கி என்ன பண்ணினா? நடுவுல பாத்தா கை தானா எழுதிருமோன்னு, நடுவுல பாக்கவே மாட்டா! பீப் அடிச்சா நிமிர்வா, சட்டுன்னு ஒரு பார்வை. அப்புறம் குனிஞ்சா குனிஞ்சதுதான். இருபத்திரெண்டு குரங்குக்கும் எழுதணும், மூணு தடவை சரி பாக்கணும், பென்சிலைச் சீவணும். அதுக்குள்ள அடுத்த பீப் வந்துரும்.

முத நாள். ரோட்டோரக் கல்லுல உக்காந்து டப்பாவைத் திறந்து இட்லியை வாயில வைக்கப் போனா. பீப்! பதறிப் போய் டப்பாவைக் கீழ வச்சுட்டு நோட்டை எடுத்தா. தலை குனிஞ்சிருக்கு, ரெண்டு கையும் நோட்டுல இருக்கு. மரத்துல இருந்து அரைவால் பாத்தா. தபதபதபன்னு எறங்குனா. இட்லியை எடுத்தா. போயிட்டா.

ரெண்டாம் நாள், டப்பாவைப் பைக்குள்ள வச்சு ஜிப் போட்டா. பீப்! குனிஞ்சா. அரைவால் வந்தா, ஜிப்பைப் பிடிச்சு சர்ர்ர்ர்ருன்னு இழுத்தா. லெமன் சாதம் போச்சு.

மூணாம் நாள், பையைக் கயித்தால கட்டி இடுப்புல முடிஞ்சுக்கிட்டா. பீப்! குனிஞ்சா. அன்னைக்கு அரைவால் தனியா வரல, பிள்ளைங்க பேரன் பேத்திங்க எல்லாத்தையும் கூட்டிக்கிட்டு வந்தா. ஒருத்தி முடிச்சை அவுக்க, ஒருத்தன் பையைத் தூக்க, குட்டிங்க இசக்கி சீவி வச்ச பென்சிலைக் கடிக்க…

“ஹி ஹி.”

சிரிக்காம ‘ம்’ போடு. தூக்கம் போயிரும்.

“ம்.”

அண்ணாச்சி கடையில இருந்து பாத்துக்கிட்டே டீ ஆத்துவாரு. ‘ஏம்மா, நீ குரங்கை எண்ண வந்தியா, குரங்குக்குச் சோறு கட்டிட்டு வந்தியா?’ன்னு கேப்பாரு. இசக்கிக்கு அழுகையா வரும். ‘நான் ஒரு பருக்கை கூடப் போடல அண்ணாச்சி, அதுங்களா எடுக்குது’ம்பா.

அப்படியே ஒரு மாசம் ஓடிப்போச்சு. ஒரு நாள் இட்லி, ஒரு நாள் கடலைமிட்டாய், ஒண்ணும் கிடைக்கலன்னா ரப்பர். எல்லாம் எழுதி முடிச்சுக் கூட்டிப் பாத்தா. நூறு தடவை பாத்தா தொண்ணூத்திமூணு தடவை குரங்கு ரோட்டுல! கூட்டல் தப்போன்னு மூணு தடவை பாத்தா. தப்பே இல்ல. தொண்ணூத்திமூணு.

‘ஐயோ, நான் எழுதுனதை வச்சே இதுங்களைக் கூண்டுல போடப் போறாங்களே’ன்னு நோட்டைப் பட்டுன்னு மூடுனா. திங்கக்கிழமை ரேஞ்சர் ஐயா கூண்டு லாரியோட வாராரு. பொய்யா எழுதவும் முடியாது, எழுதுனதைக் குடுக்கவும் மனசு வரல.

அப்போ சனிக்கிழமை. முந்தின நாள் சோன்னு மழை பேஞ்சுதுல்லா, வாட்சுக்குள்ள தண்ணி போயிருச்சு. இசக்கி வழக்கம் போல வந்து கல்லுல உக்காந்தா. வாட்ச் அடிக்கும் அடிக்கும்னு இருக்கா. அடிக்கவே இல்ல. தலையை நிமிர்த்திப் பாத்தா, ரோட்டுல ஒரு குரங்கு இல்ல!

ஒரு கார் வந்துச்சு, சிப்ஸ் விழுந்துச்சு. ரெண்டே ரெண்டு குட்டி ஓடி வந்து எடுத்துட்டு ஓடிருச்சு. மறுபடி யாருமே இல்ல. ‘போச்சு, அதுக்குள்ள பிடிச்சுட்டுப் போயிட்டாங்களா?’ன்னு இசக்கி நோட்டைப் பைக்குள்ள திணிச்சா. எந்திரிச்சா. அந்த ஒரு மாசத்துல முதல் தடவையா காட்டுக்குள்ள ஓடுனா. சரக் சரக், சரக் சரக்.

ஓடைக்குப் பக்கத்துல ஒரு பெரிய அத்திமரம். மேல பாத்தா, இருபத்திரெண்டும் அங்கனதான்! கிளைக்கு ஒண்ணா உக்காந்து அத்திப்பழத்தை மச்சு மச்சுன்னு மெல்லுது. மரத்தடி பூராவும் எச்சிப் பழம். இன்னைக்கு விழுந்தது, நேத்து விழுந்தது, போன வாரம் விழுந்து காஞ்சது. தெனமும் இங்கதான் திங்குது, பாத்துக்கோ.

அரைவால் அவளைப் பாத்தா. முகத்தைப் பாக்கல, கை மணிக்கட்டைப் பாத்தா. ‘என்ன, இன்னைக்கு நீ கூப்பிடவே இல்லையே?’ன்னு கேக்குற மாதிரி தலையைச் சாச்சா.

இசக்கிக்கு அப்போதான் புரிஞ்சுது. என்ன புரிஞ்சுது, சொல்லு பாப்போம்?

“பீப் அடிச்சா இட்லின்னு நெனைச்சு வந்துச்சு.”

என் ராசாத்தி! அவ பீப் அடிச்ச நேரத்துல மட்டும் பாத்தா. குரங்கும் பீப் அடிச்ச நேரத்துல மட்டும் வந்துச்சு. மத்த நேரமெல்லாம் காட்டுல. பாத்தது உண்மை, எழுதுனதும் உண்மை, வந்த முடிவு தப்பு!

அண்ணாச்சிகிட்ட வந்து சொன்னா. அவருக்குக் குரங்கு போனா வாழைப்பழ வியாபாரம் போயிருமேன்னு கவலை. ‘இதுக்குப் போய் அழுவியா? பென்சில்லதான எழுதிருக்க? தொண்ணூத்திமூணை அழிச்சுட்டு முப்பத்திமூணுன்னு போடு. ஒம்பதை மூணாக்கணும், அவ்வளவுதான. யாருக்குத் தெரியும்?’னாரு.

‘எனக்குத் தெரியும்லா அண்ணாச்சி.’

‘உனக்குத் தெரிஞ்சா என்ன, நீ என்ன ரேஞ்சரா?’

‘முப்பத்திமூணுன்னு நான் பாக்கவே இல்லையே. பாக்காததை எப்படி எழுதுவேன்?’ன்னா. அப்புறம் மெதுவாச் சொன்னா, ‘அதை விட அண்ணாச்சி, கார்ல இருந்து போடுறவங்களைத் திட்டித் திட்டி எழுதிருக்கேன். கடைசியில என் டப்பாதான் அதுங்களைத் தெனமும் ரோட்டுக்கு இழுத்திருக்கு.’

அண்ணாச்சி அந்த வாட்சை வாங்கி அரிசி டப்பாவுக்குள்ள போட்டு வச்சாரு, ஈரம் இழுக்கட்டும்னு. மறுநாள் அது மறுபடி பீப் அடிக்க ஆரம்பிச்சுருச்சு.

“ம்.”

திங்கக்கிழமை. கடகடகடன்னு லாரி வந்துச்சு. மேல பெரிய இரும்புக் கூண்டு. ரேஞ்சர் ஐயா எறங்குனாரு. ‘என்னம்மா, எவ்வளவு?’

இசக்கி நோட்டை நீட்டுனா. ‘ஐயா, தொண்ணூத்திமூணு. ஆனா அது தப்பு ஐயா. தப்பு பண்ணினது நான்’னு எல்லாத்தையும் சொன்னா.

ரேஞ்சர் மீசையை முறுக்குனாரு. ‘ஒரு மாசம் சம்பளம் வாங்கிட்டு, தப்புன்னு சொல்ல வந்தியா? குரங்குக்கு மணி பாக்கத் தெரியுமாக்கும்!’

‘ஐயா, நீங்களே இந்த வாட்சைக் கட்டிக்கிட்டு உக்காருங்க. வெறும் பையைப் பக்கத்துல வச்சுக்கோங்க, திங்கிறதுக்கு ஒண்ணும் வேண்டாம்.’

கட்டிக்கிட்டாரு. கல்லுல உக்காந்தாரு. பீப்! ரேஞ்சர் கண்ணை உருட்டிக்கிட்டு அங்கயும் இங்கயும் பாத்தாரு. ஒரு குரங்கும் வரல. ‘பாத்தியா?’ன்னாரு.

‘குனிஞ்சு எழுதணும் ஐயா’ன்னா இசக்கி.

பத்து நிமிசம் ஆச்சு. பீப்! குனிஞ்சாரு, ஆனா ஓரக்கண்ணால மரத்தைப் பாத்தாரு. அரைவாலை ஏமாத்த முடியுமா? வரல. ‘லாரியைத் திருப்புங்கடா, கூண்டை எறக்குங்கடா!’ன்னு எந்திரிக்கப் போனாரு.

‘ஒரே ஒரு தடவை ஐயா. உண்மையாவே எழுதுங்க. வீட்டுல எல்லாரும் நல்லா இருக்கீங்களான்னு கடுதாசி எழுதுற மாதிரி எழுதுங்க’ன்னா.

ரேஞ்சருக்கு என்ன தோணுச்சோ, உக்காந்தாரு. மூணாவது பீப்! குனிஞ்சாரு. எழுதுனாரு. எழுத எழுத அதுலயே மூழ்கிட்டாரு.

சரசரசர… தொப்! தொப்! தொப்! தொப்!

இருபத்திரெண்டும் எறங்கிருச்சு! அரைவால் நேரா பைக்கு வந்தா. சர்ர்ருன்னு ஜிப்பைத் திறந்தா. கையை விட்டா, தலையை விட்டா, பையைக் கவுத்துப் பாத்தா. ஒண்ணும் இல்ல! வந்துச்சே ஒரு கோவம். ரேஞ்சர் தோள்ல ஏறுனா. தொப்பியைக் கழத்துனா. தொப்பிக்குள்ள எட்டிப் பாத்தா, அங்கயும் ஒண்ணும் இல்ல. அதைத் தலையில கவுத்துக்கிட்டு மரத்துல ஏறிட்டா.

‘என் தொப்பி! அரசாங்கத் தொப்பி!’ன்னு ரேஞ்சர் கத்துனாரு. அவருக்கு மண்டை பளபளன்னு வழுக்கை. லாரி டிரைவர் சிரிப்பை அடக்க முடியாம டயரை எண்ணுற மாதிரி குனிஞ்சுக்கிட்டான். அண்ணாச்சி டீயைக் கீழ ஊத்திட்டாரு.

ரேஞ்சர் மண்டையைத் தடவிக்கிட்டே இசக்கி பக்கம் திரும்புனாரு. அப்புறம், ‘ஏம்மா, இதை நீ சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சே இருக்காது. இல்லையா?’ன்னாரு.

‘ஆமா ஐயா.’

‘இன்னொரு மாசம் தாரேன். இந்தத் தடவை காட்டுக்குள்ளயும் போய்ப் பாரு.’

அப்புறம் இசக்கி வாட்சோட சத்தத்தை அணைச்சுட்டா. விடியும் முன்னாடி வயிறு நிறையச் சாப்பிட்டுட்டு வெறும் கையோட போவா. குரங்கு போற இடமெல்லாம் போனா. ஓடைக்குப் போனா, பாறைக்குப் போனா, அட்டை கடிச்சுச்சு, முள்ளு கிழிச்சுச்சு. அரைவால் நாலு நாள் அவ பின்னாடியே வந்து பாத்தா, அப்புறம் சலிச்சுப் போய் அத்திமரத்துக்குப் போயிட்டா.

மாசம் முடிஞ்சு கூட்டிப் பாத்தா. எவ்வளவு இருக்கும்?

“முப்பத்திமூணு?”

நாப்பத்தியொண்ணு. அண்ணாச்சி சொன்னதுக்கு மேல, ரேஞ்சர் சொன்ன பாதிக்குக் கீழ. அதுலயும் பாதி, கார்க்காரங்க அண்ணாச்சிகிட்ட வாங்கிப் போட்ட வாழைப்பழத்துக்கு எறங்குனது. இசக்கி அதையும் எழுதுனா. பழைய நோட்டைக் கிழிக்கல. அது மேல ‘இந்தக் கணக்கு தப்பு, காரணம் நான்தான்’னு எழுதி அதையும் சேத்தே குடுத்தா. அப்பத்தான் பேனாவால எழுதுனா.

மறுபடியும் கூண்டு லாரியோட வந்த ரேஞ்சர் ரெண்டையும் படிச்சாரு. ‘கூண்டு வேண்டாம்’னு கையெழுத்துப் போட்டாரு. அப்படியே திரும்பி, ‘வே வெயிலுமுத்து, இனிமே குரங்குக்குன்னு வாழைப்பழம் வித்தேன்னா கூண்டுல உன்னைய ஏத்திருவேன்’னாரு. அண்ணாச்சி, ‘அப்ப மனுசன் திங்கிறதுக்கு விக்கலாம்லா?’ன்னு முனங்கிக்கிட்டே குலையை உள்ள கொண்டு போய் வச்சாரு.

லாரி வெறும் கூண்டோட கடகடன்னு எறங்கிப் போச்சு. இசக்கிக்கு ஓன்னு கத்தணும் போல இருந்துச்சு. ஆனா குரங்கு பக்கத்துல இருக்கும்போது கத்தக் கூடாதுல்லா? ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கிட்டா. அத்திமரத்தடிக்குப் போனா. சத்தமே இல்லாம குதிச்சா. ஒரு குதி, ரெண்டு குதி, மூணு குதி.

மேல இருந்து அரைவால் பாத்தா. பழத்தை மெல்லுறதை நிறுத்திட்டு, பக்கத்துல இருந்த பேத்தியை முழங்கையால இடிச்சா. ‘பாருடி, ரெண்டு மாசமா எழுதிக்கிட்டே கெடந்துச்சு. இப்பத்தான் இதுக்குக் குதிக்கவே வருது!’

“ம்…”

கதை மரமேறிருச்சு. இனி அது எறங்காது. நீயும் தூங்கு, தங்கம்.