ஓடிப்போன தலைவர் ஊர் திரும்பாத கதை

கூமாச்சிப்பட்டி என்று ஓர் ஊர். அறிவில் அந்த ஊரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அந்த ஊர்க்காரர்களே அப்படித்தான் சொல்வார்கள். வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

பங்குனிப் பொங்கலுக்கு அங்கே நாடகம் நடக்கும். அந்தக் காலத்தில் ஊரை ஆண்ட கருத்தாண்டித் தலைவர் கதை. வருஷா வருஷம் அவர் எதிரியை வெட்டிச் சாய்த்து யானை மேல் திரும்பி வருவார். யானை என்பது சாக்கைப் போர்த்திய இரண்டு பேர்.

இந்த வருஷம் ஒத்திகை பார்க்க வந்த பள்ளிக்கூட வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டார். “ஏம்ப்பா, உங்க தலைவர் சண்டையே போடலை. கண்மாயைத் தாண்டி ஓடினவர், திரும்பி வரவே இல்லை. நடந்தது நடந்தபடி இருக்கணும். ஒண்ணையும் மாத்தாதீங்க” என்று சொல்லிவிட்டு, லீவுக்குச் சொந்த ஊர் போய்விட்டார்.

நாடகத்தன்று தலைவர் வேஷம் கட்டிய ஒச்சப்பன் மேடையிலிருந்து குதித்து, கண்மாயைத் தாண்டி ஓடினான். ஊரே கைதட்டியது. அப்புறம் பந்தி போட்டார்கள். ஒச்சப்பன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

அவன் பெண்சாதி வீராயி, நாடகம் நடத்திய சங்கிலிமுத்துவிடம் போனாள். “அண்ணே, எம் புருசன் எங்க?”

“இன்னும் நடிச்சுக்கிட்டு இருக்கான், தாயி.”

“எப்ப முடியும்?”

“திரும்பி வரவே இல்லைன்னுல்ல வாத்தியார் சொன்னாரு.”

“மாட்டுக்குத் தண்ணி காட்ட ஆளில்லை. பழைய கதையவே போட்டிருந்தா, மனுசன் யானையிலயாச்சும் வீடு வந்து சேர்ந்திருப்பாரு.”

அதற்குள் ஒச்சப்பனே கண்மாயின் அக்கரையில் வந்து நின்றான். “அண்ணே, பசி உசிரு போகுது. வரவா?”

“வந்தா சரித்திரம் பொய்யாப் போகும், தம்பி.”

யானைக்குப் பின்னங்காலாக இருந்த குப்பாண்டி ரொம்ப நேரம் யோசித்தான். “தலைவர் தானே வரலை? எதிரி ஊருக்குள்ள வந்தான்ல? அவனா வரட்டுமே.”

ஆகட்டும் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். எதிரியின் மீசையைக் கொண்டுபோய் ஒட்டிவிட்டார்கள். வீராயி சோறு வடித்து இலை போட்டாள். ஒச்சப்பன் ஊருக்குள் காலடி வைத்தான்.

“ஆமா, எதிரி உள்ள வந்தப்ப நம்ம சனம் என்ன செஞ்சுச்சாம்?” என்றார் சங்கிலிமுத்து.

“ஆடு மாட்டோட ஓடிருச்சாம். அதையும் வாத்தியார் சொன்னாரு” என்றான் குப்பாண்டி.

அவ்வளவுதான். ஊர் மொத்தமும் ஓட்டம் பிடித்தது. ‘வச்சிட்டுப் போனா எதிரி தின்னுருவான்’ என்று வீராயி சோற்றுப் பானையையும் தூக்கிக்கொண்டாள்.

பானையைப் பார்த்த ஒச்சப்பன் அலறிக்கொண்டு பின்னாலேயே ஓடினான்.

சங்கிலிமுத்து ஓடியபடியே திரும்பிப் பார்த்தார். “விரட்டுறதுகூட அச்சு அசலா இருக்குப்பா” என்று மெச்சிவிட்டு, இன்னும் வேகமாக ஓடினார்.