தணிகாசலத்தின் நான்காவது அப்கிரேடு

"ஆறு மணி நேரத்துல முதல் தடவை எண்பது சதவீதம் போச்சு, மேடம். ரெண்டாவது தடவை பாதியைத் தாண்டுச்சு, அவ்வளவுதான். போன மாசம் நாப்பதுலயே நின்னுடுச்சு."

சொன்னவர் தணிகாசலம். ஒரு பெரிய மருத்துவமனையின் டேட்டாபேஸைப் பதினொரு வருடமாகக் கட்டிக் காப்பவர். அதைப் புதிய பதிப்புக்கு மாற்றும் அப்கிரேடுதான் மூன்று தடவையும் முடியாமல் நின்றது.

கேட்டுக்கொண்டிருந்தவள் மெஹருன்னிசா. அவர் வயதில் பாதி. ஆனால் நகராத அப்கிரேடை நகர வைப்பதில் இருவரும் வேலை செய்யும் கம்பெனியில் அவளை மிஞ்ச ஆளில்லை. அவளிடம் போய்க் கேட்கக் கூச்சப்பட்டே மனிதர் மூன்று மாதத்தைக் கழித்துவிட்டார்.

மருத்துவமனை இதற்கென்று தரும் நேரம், மாதத்தில் ஒரு ஞாயிறு காலை ஆறிலிருந்து பன்னிரண்டு வரை. அதுவரை நர்ஸுகள் மருந்து விவரத்தைத் தாளில் எழுதுவார்கள். முடியவில்லை என்றால் நிறுத்தி, எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிட வேண்டும்.

நாளை ஞாயிறு. நாளையும் முடியாவிட்டால் அவர் வேலைக்கு வர வேண்டாம் என்று மேலிடம் சொல்லிவிட்டது. ஐம்பத்து நாலு வயதில் யார் கூப்பிட்டு வேலை தருவார்கள்? இரண்டு வாரமாக அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மெமரியைக் கூட்டியதை, டிஸ்க்கை மாற்றியதை, குலதெய்வத்துக்குக் காசு முடிந்து வைத்ததை எல்லாம் வரிசையாகச் சொன்னார். எதுவும் உதவவில்லை.

"முடியாது மேடம். எனக்கே தெரிஞ்சுபோச்சு," என்றார்.

அவள் டேட்டாபேஸில் விவரங்களைத் தாங்கும் டேபிள்களின் பெயர்ப் பட்டியலைத் திறந்தாள். திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"இந்த அப்கிரேடு எந்த டேபிளைத் தொடும், சார்?"

"உள்ள இருக்கிற எல்லாத்தையும். ஒவ்வொரு வரியா."

"பேரை வாய்விட்டுப் படிங்க."

சின்னப் பிள்ளைக்குப் பாடம் சொல்வது போல இருந்தது. வேறு சமயமாக இருந்தால் எழுந்து போயிருப்பார். படித்தார்.

"பேஷன்ட். பேஷன்ட் காப்பி ஒன்று. பேஷன்ட் காப்பி இரண்டு. பேஷன்ட் தணிகாசலம் டோன்ட் டெலிட்."

அங்கே அவர் குரல் இறங்கியது.

"ஒவ்வொரு தடவையும் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி இதுக்குள்ளயே ஒரு காப்பி எடுத்து வைப்பேன்," என்றார். "ஒரு பயம்தான்."

"மூணு தடவையும் எதுலேருந்து பழையபடி ஆக்குனீங்க?"

"பேக்கப் மெஷின்லேருந்து. அது தினமும் தானா எடுத்துடும்."

"இந்தக் காப்பியிலேருந்து ஒரு தடவையாவது?"

"ஒரு தடவைகூட இல்ல," என்ற தணிகாசலம் திரையில் இருந்த காப்பிகளை எண்ணினார். எண்பது, ஐம்பது, நாற்பது என்று உதடு மட்டும் அசைந்தது. ஒவ்வொரு காப்பிக்கும் அப்கிரேடின் வேலை கூடியிருக்கிறது. மூன்று மாதமாகத் தன்னைக் கொன்றுகொண்டிருந்தது எது என்று தெரிந்ததும் அழுகைதான் வந்தது.

"இப்ப உங்க ரூம் கம்ப்யூட்டர்ல என்ன ஓடுது, சார்?"

"நாலாவது காப்பி."

அவள் கீபோர்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"நிறுத்துங்க. நாலையும் அழிங்க."

விரலை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"ஒரு நிமிஷம் மேடம்," என்றார். "அழிக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு காப்பி எடுத்து வச்சுக்கிறேன்."

சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது அவர் காதில் விழுந்தது.