ஏழாயிரத்து நாலாம் நம்பர் குப்பை

கோணப்பட்டிக்காரர்கள் தங்கமானவர்கள். சொன்ன சொல் தட்ட மாட்டார்கள். தொல்லையே அதுதான்.

அந்தப் பேரூராட்சியில் ஒன்பது வருஷமாகத் தற்காலிகத் தொழிலாளியாகவே காலம் தள்ளியவர் சடையாண்டி. தெருவில் குப்பை போடுகிறவர்களைப் பிடிக்கும் படைக்கு அவரைத் தலைவராக்கினார் சுகாதார ஆய்வாளர் தேவசகாயம். "குப்பை எங்க கிடந்தாலும் சுத்தி வட்டம் போட்டு நம்பர் எழுது. அதுதான் ஆதாரம். நான் வந்து கையெழுத்துப் போடுற வரைக்கும் எவன் கத்தினாலும் எடுக்கக் கூடாது. ஒழுங்கா செஞ்சா உன் வேலையை நிரந்தரமாக்கிடுறேன்."

சடையாண்டிக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. மொக்கராசு, பொன்னிருளன் என்ற இரண்டு படைவீரர்களோடு, சாக்பீஸும் கையுமாகக் கடைத்தெருவில் இறங்கினார். தெருக் கூட்ட வந்த பேச்சியம்மாளை, "ஆதாரத்தையா அழிக்கப் பாக்குறே?" என்று அதட்டி விளக்குமாற்றைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

வேப்பமரம் வேறு இலை உதிர்த்துக்கொண்டே இருந்தது. வட்டம் போட்டு மாளவில்லை.

"அண்ணே, மரத்து மேல கேஸ் போட்டுருவோமா?" என்றான் மொக்கராசு.

"அதோட அப்பன் பேரு வேணுமேப்பா," என்று கவலைப்பட்டார் சடையாண்டி.

"பக்கத்து மரத்தைக் கேப்போம்."

"அது எப்படிச் சொல்லும்? ரெண்டும் சொந்தக்காரங்களாச்சே!"

நாலே நாளில் தெரு நாறிப்போனது. ஆனால் ஒரு குப்பைகூட இம்மியும் நகரவில்லை.

ஐந்தாம் நாள் வந்த ஆய்வாளர், "அடப்பாவிகளா!" என்று பாய்ந்தார். மூணாம் நம்பர் வாழைப்பழத்தோலில் கால் வைத்தார். தொபுக்கடீர்!

பொன்னிருளன் ஓடிவந்து அவரைச் சுற்றி வட்டம் போட்டான். "நம்பர் ஏழாயிரத்து நாலு!"

"யோவ், தூக்குங்கய்யா! இடுப்பு போச்சு!"

தூக்கப்போன சடையாண்டி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். தூக்கினால் வேலை போய்விடுமே! "கோவிச்சுக்காதீங்கய்யா. எவன் கத்தினாலும் எடுக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? ஒரே ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க," என்று நோட்டை நீட்டினார்.

ஆய்வாளர் பல்லைக் கடித்துக்கொண்டு, படுத்தவாக்கிலேயே கையெழுத்துப் போட்டார்.

அதற்கப்புறம் என்ன தடை? மூவரும் அவரை அலுங்காமல் தூக்கிக் குப்பை வண்டிக்குக் கொண்டுபோனார்கள். அங்கேதான் சிக்கல். மக்கும் குப்பைக்குப் பச்சைத் தொட்டி, மக்காததுக்கு நீலத் தொட்டி.

"மனுஷன் மக்கிருவாருண்ணே," என்றான் பொன்னிருளன்.

"மூக்குக்கண்ணாடி மக்காதே?" என்றான் மொக்கராசு.

"அதனாலதான் தரம் பிரிக்கச் சொல்லியிருக்காங்க," என்ற சடையாண்டி, கண்ணாடியைப் பதமாகக் கழற்றி நீலத் தொட்டியில் போட்டார். பெல்ட்டையும் போட்டார். பிறகு ஆய்வாளரின் முகத்தருகே குனிந்து பணிவாகக் கேட்டார்:

"ஐயா, கொஞ்சம் வாயைத் திறங்க. பல்லெல்லாம் சொந்தமா, கட்டினதா?"