கோச்சின் பூட்ஸ்

பாங் கி-தே கால்பந்து ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்று, கோச்சாகி, ஒரு பருவம் முடியப்போகிறது. இன்னும் பூட்ஸைக் கழற்றவில்லை.

மற்ற அணிகளின் கோச்சுகள் சூட்டும் பளபளக்கும் ஷூவுமாக மைதான ஓரத்தில் நிற்பார்கள். கி-தேயும் சூட் போடுவான். ஆனால் காலில் மட்டும் ஆட்டக்காரர்கள் போடும், அடியில் ஸ்டட் குமிழ்கள் வைத்த பூட்ஸ். கேட்டால், "ஈரப் புல்லில் வழுக்காது" என்பான். பெஞ்சில் உட்கார வேண்டியவனுக்கு ஏன் வழுக்கப்போகிறது என்று யாரும் அவனைக் கேட்டதில்லை. அவன் சாதாரண ஆளா என்ன?

கொரியாவின் கிழக்குக் கரையில் அது ஒரு மீன்பிடி நகரம். ஊர் அணிக்கு ஒரு காலத்தில் கி-தேதான் எல்லாம். அவனுடைய கடைசி நிமிடக் கோல் ஒன்றால்தான் அணி ஒரே ஒரு முறை கோப்பையை வென்றது. பந்து காலின் எந்த இடத்தில் பட்டது, கோல்கீப்பர் எந்தப் பக்கம் விழுந்தான், வலை எப்படி ஆடியது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். ஆடத் தெரிந்தவனுக்கு ஆட்டுவிக்கத் தெரியாதா என்று ஊர் நினைத்தது. அவனும் அப்படித்தான் நினைத்தான்.

அணி வரிசையாகத் தோற்றது.

இன்றைக்குக் கடைசி ஆட்டம். ஜெயித்தால் முதல் டிவிஷனில் இருக்கலாம். டிரா செய்தாலும் போதாது, கீழே இறங்க வேண்டியதுதான். கி-தேயின் வேலையும் அதோடு போகும். ஊரே படகுகளைக் கட்டிப் போட்டுவிட்டு அரங்கத்துக்கு வந்திருந்தது. மேளச் சத்தம் காதைப் பிளந்தது.

பெஞ்சுக்கு நேர் பின்னால், முதல் வரிசையில், ஆசான் குவாக் தோக்-சு உட்கார்ந்திருந்தார். மீசை முளைக்காத பையனாக வந்த கி-தேயை ஆட்டக்காரன் ஆக்கியவர். கோப்பை வென்ற ஆண்டில் அணியின் கோச் அவர்தான். காய்ந்த கணவாய் மீனைப் பிய்த்து வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தார்.

எதிரணி ஆரம்பத்திலேயே ஒரு கோல் போட்டுவிட்டது. கி-தேக்கு இருப்புக்கொள்ளவில்லை. எல்லைக்கோட்டை ஒட்டி இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடினான்.

"இடது பக்கம்! திருப்பு! பின்னாடி கொடு! ஐயோ, அங்க இல்லடா!"

பந்து கிடைத்த ஒவ்வொருவனும் முதலில் அவன் முகத்தைப் பார்த்தான். பிறகுதான் பந்தைப் பார்த்தான். அதற்குள் பந்து போய்விடும்.

இடைவேளைக்குச் சற்று முன்னால் யோஹானுக்கு வழி கிடைத்தது. அணியிலேயே இளையவன், காற்றாய்ப் பறப்பவன். வலது ஓரமாக ஒருவனைத் தாண்டினான். இன்னொருவனையும் தாண்டினான். எதிரே கோல்கீப்பர் மட்டும்! அரங்கம் எழுந்து நின்றது. கி-தேயின் கால்களுக்கு வெறி பிடித்தது. யோஹானுக்கு இணையாகக் கோட்டை ஒட்டி ஓடினான். பழைய நாட்களைப் போலவே அவன் கை தானாக உயர்ந்தது.

"இங்கே!"

கொரிய மைதானங்களில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. மூத்தவன் கை தூக்கினால் இளையவன் பந்தைக் கொடுத்துவிட வேண்டும். பள்ளிக்கூட மைதானத்திலேயே அது காலில் ஊறிவிடும்.

யோஹான் கொடுத்துவிட்டான்.

அழகான பாஸ், குறை சொல்ல முடியாது. கி-தே அதை வலது காலால் நிறுத்தவும் செய்தான். நிறுத்திய பிறகுதான் தான் கோட்டுக்கு வெளியே நிற்பது அவனுக்கு உறைத்தது.

அரங்கத்தில் எழுந்த சிரிப்பு இருக்கிறதே, அதைக் கி-தே சாகும்வரை மறக்க மாட்டான். நடுவர்கூட சிரித்துக்கொண்டேதான் இடைவேளைக்கு விசில் ஊதினார்.

"எனக்கு ஏண்டா கொடுத்தே?" என்று உடைமாற்றும் அறையில் கி-தே கத்தினான்.

"நீங்க கை தூக்கினீங்க, கோச்."

யோஹானுக்கு அழுகை முட்டியது. கி-தே அறையைவிட்டு வெளியே வந்தான். நடைபாதையில் ஆசான் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார்.

"பாத்தீங்களா ஆசானே! நான் ஆடினப்போ எவனாவது இப்படிச் செஞ்சதுண்டா? இவனுங்களுக்கு என்னதான் கோளாறு? சொல்லுங்க, என்ன பண்ணினா ஜெயிப்பாங்க?"

ஆசான் குனிந்து பார்த்தார்.

"பூட்ஸ் நல்லா இருக்கே. புதுசா?"

"ஆசானே, நாம தோத்துக்கிட்டிருக்கோம்!"

"கழட்டு."

"என்னது?"

"ரெண்டையும்."

எழுதாத சட்டம் கோச்சுக்கும் உண்டு. மூத்தவர் கேட்டுவிட்டார். கி-தே கழற்றிக் கொடுத்தான். ஆசான் இரண்டு பூட்ஸின் கயிறுகளையும் ஒன்றாக முடிந்து தோளில் தொங்கவிட்டுக்கொண்டார்.

"வேற ஷூ நான் கொண்டு வரலையே!"

"குளியலறை வாசல்ல செருப்பு கிடக்கும்," என்று சொல்லிவிட்டு அவர் தன் இடத்துக்கு நடந்தார்.

கிடந்தது. நீல நிற ரப்பர் செருப்பு. எல்லோருக்கும் பொது, யாருக்கும் பொருந்தாது. வெள்ளை சாக்ஸோடு அதை மாட்டிக்கொண்டு கி-தே மைதானத்துக்கு வந்ததும் எதிரணி ரசிகர்கள் மேளத்தையே நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். மானம் கப்பலேறிவிட்டது. இனி ஏற என்ன இருக்கிறது?

இரண்டாம் பாதி தொடங்கியதும் வழக்கம்போலப் பாய்ந்தான். இரண்டே எட்டில் ஒரு செருப்பு கழன்று பின்னால் போய் விழுந்தது. திரும்பி வந்து மாட்டினான். மறுபடி பாய்ந்தான். மறுபடி கழன்றது.

அந்த நேரம் யோஹானிடம் பந்து வந்தது. அவன் ஓரத்தைப் பார்த்தான். கி-தே எங்கோ பின்னால் செருப்பைக் காலால் துழாவிக்கொண்டிருந்தான். யாரைக் கேட்பது? யோஹான் தலையை நிமிர்த்தி மைதானத்தைப் பார்த்தான். நடுவில் கேப்டன் சாங்-கு தனியாக நின்றிருந்தான். பந்து உயர்ந்து போனது, சாங்-கு எகிறித் தலையால் முட்டினான்.

கோல்! ஒன்றுக்கு ஒன்று!

மேளம் மறுபடி வெடித்தது. ஆட்டம் சூடு பிடித்துவிட்டது. பந்து காலுக்குக் கால் பாய்ந்தது. யாரும் ஓரத்தைப் பார்க்கவில்லை. ஓட முடியாத கி-தே நின்ற இடத்திலேயே நின்றான். நின்றபோதுதான் முழு மைதானமும் அவன் கண்ணில் பட்டது. இந்தப் பையன்கள் இவ்வளவு நன்றாக ஆடுவார்களா!

கடைசி நிமிடம். யோஹான் மீண்டும் ஓரமாகப் பிய்த்துக்கொண்டு கிளம்பினான். எதிரே கோல்கீப்பர். அந்தப் பக்கம் கேப்டன் சாங்-கு ஓடி வந்தான். மூத்தவன். கை தூக்கிவிட்டான்.

"யோஹான்! எனக்கு!"

கி-தே தன்னை மறந்து ஓடினான். ஒரு செருப்பு பறந்தது. அவன் கையும் உயரத் தொடங்கியது. தோளுயரம் வந்துவிட்ட அந்தக் கையைப் பிடித்திழுத்துக் கால்சட்டைப் பைக்குள் திணித்தான். உதட்டைக் கடித்துக்கொண்டான்.

யோஹான் சாங்-குவின் கையைப் பார்த்தான். பிறகு கோலைப் பார்த்தான்.

தானே உதைத்தான்.

வலை பின்னால் குதித்தது. அரங்கம் இடிந்து விழுவதுபோல ஆடியது. எல்லோருக்கும் முன்னால் ஓடி வந்து யோஹானைத் தூக்கியவன் சாங்-குதான். அவர்கள் மேல் மற்றவர்கள் விழுந்தார்கள், மாற்று ஆட்டக்காரர்கள் பெஞ்சைத் தாண்டி ஓடி அவர்கள் மேல் விழுந்தார்கள். கி-தே ஒற்றைச் செருப்போடு, ஈர சாக்ஸோடு, தனியாகக் குதித்தான். கண்ணில் நீர் வழிந்தது. எந்தக் கோலுக்கும் அவன் இப்படிக் குதித்ததில்லை.

இறுதி விசில் ஒலித்தது. ஆட்டக்காரர்கள் யோஹானைத் தோளில் தூக்கிக்கொண்டு ரசிகர்களிடம் ஓடினார்கள்.

கி-தே தடுப்புக் கம்பி அருகே போனான். மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"ஆசானே, ஜெயிச்சுட்டோம்! ஆனா ஒருத்தன்கூட என் பக்கம் திரும்பிப் பாக்கலை!"

ஆசான் தோளிலிருந்த பூட்ஸை எடுத்து நீட்டினார். கி-தே கை நீட்டவில்லை. அவன் முகம் திடீரென்று மாறியது.

"நான் கோப்பைக்கான அந்தக் கோலை அடிச்சேனே... அப்போ நீங்க எங்க நின்னீங்க?"

இத்தனை வருடத்தில் அவன் அதைக் கேட்டதே இல்லை.

ஆசான் வாயிலிருந்த கணவாயை நிதானமாக மென்று விழுங்கினார்.

"செருப்பைத் தேடிக்கிட்டிருந்தேன்," என்றார்.