பெரிய பார் வெளிநாடு போன கதை

கொக்குமுனைக்காரர்களைப் பற்றிக் கடற்கரை நெடுக ஒரு பேச்சு உண்டு. அவர்களிடம் ஒரு வேலையைச் சொன்னால் சொன்னபடியே செய்வார்கள் என்பார்கள். கேட்கிறவர்கள் இதைப் பாராட்டு என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படி நினைத்து ஏமாந்தவர் சிவபாதம்.

சிவபாதம் யாழ்ப்பாணத்துக்காரர். ஐரோப்பாவின் வட கோடியில் ஒரு குளிர் தேசத்தில் நெடுங்காலமாக இருக்கிறார். நாட்டின் பெயர் வேண்டாம், அங்கே உள்ளவர்கள் வருத்தப்படுவார்கள். அவருக்குச் சொந்தமாக ஒரு படகு இருந்தது. அதில் வேலை பார்த்தவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட, மீன் வருகிற பருவத்தில் படகு துறைமேடையில் சும்மா கிடந்தது. அந்த நேரம் பார்த்து யாரோ ஒரு புண்ணியவான் அவரிடம் கொக்குமுனையைப் பற்றிச் சொல்லிவைத்தான். மூன்று பேருக்கு விமானச் சீட்டு வந்தது. போகவும் சீட்டு, வரவும் சீட்டு.

வரும் சீட்டு ஏன் என்றால், முதல் வாரம் சோதனை. சனிக்கிழமைக்குள் அளவான ஒரு மீனைப் பிடித்துக் காட்டிவிட்டால் பருவம் முழுக்க வேலை. காட்டாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறிவிட வேண்டும். பேச்சு அவ்வளவுதான்.

அந்த மூன்று பேரில் தலைவன் இன்னாசி. எதையும் மெதுவாகப் பேசுவான், அதனால் யோசித்துப் பேசுகிறான் என்று ஊர் நம்பியது. இரண்டாமவன் கஸ்பார். எதற்கும் சந்தேகம் கேட்பான், ஆனால் என்ன பதில் சொன்னாலும் ஏற்றுக்கொள்வான். மூன்றாமவன் வியாகுலம். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு எப்போதும் சிரித்த முகமாக இருப்பான்.

இன்னாசிக்கு இந்த வேலை கிடைத்தே ஆக வேண்டும். காரணம் அவன் மனைவி பிலோமினா. ஊர்க் கடலிலேயே அவன் பிடித்து வந்தது போதாது என்று அவளுக்கு ஏற்கெனவே கோபம். வெளிநாடு என்றதும் அத்தனை பேர் முன்னால் கடற்கரையில் நின்று சொல்லிவிட்டாள்.

"அங்கன போயும் வெறுங்கையோட வந்தேருன்னா வீட்டுக் கதவு தொறக்காது, பாத்துக்கிடும்."

சொன்னால் செய்கிறவள். அவளும் கொக்குமுனைக்காரிதானே.

புறப்படுவதற்கு முன்னால் சிவபாதம் தொலைபேசியில் கூப்பிட்டுப் புத்தி சொன்னார்.

"தம்பியள், இஞ்சத்தைக் கடல் வேற. உங்கட ஊர்ச் சாமானை அப்பிடியே கொண்டு வந்து இஞ்ச ஒண்டும் செய்ய ஏலாது. எல்லாத்தையும் குளிருக்கு ஏத்தமாதிரி மாத்திக்கொண்டு வாங்கோ. இன்னொண்டு, அடையாளம் இல்லாமல் மட்டும் கடலுக்குப் போகாதேங்கோ."

மூவரும் உட்கார்ந்து ஆலோசித்தார்கள். குளிருக்கு ஏற்ற மாதிரி என்றால் முதலில் தூண்டில் முள். கொக்குமுனை வெயிலில் கிடந்த முள் எப்போதும் சூடாகத்தான் இருக்கும். குளிர் தேசத்து மீன் வாயில் அது பட்டால் திடுக்கிட்டுப் போகாதா? அதனால் முள், ஈயக் குண்டு, தூண்டில் நரம்பு எல்லாவற்றையும் ஐஸ் கம்பெனியில் கொண்டுபோய்ப் புதைத்து வைத்துப் பழக்கினார்கள்.

அடுத்தது வலை. வலையை மேலே தாங்குவது மிதவைகள். குளிரில் முதலில் விறைப்பது தலைதான் என்று கஸ்பார் சொன்னான். வலைக்குத் தலை எது, மிதவைதானே. ஆளுக்கொரு சாக்கு நிறையக் குரங்குக் குல்லா வாங்கி, ஒவ்வொரு மிதவைக்கும் காது மறைய மாட்டி, கழுத்தில் கயிறு போட்டுக் கட்டினார்கள். கட்டி முடித்ததும் ஒரு குல்லா மிஞ்சியது. அதைப் பிலோமினா எடுத்து வைத்துக்கொண்டாள்.

கடைசியாக அடையாளம். இதை மட்டும் நான் கொஞ்சம் விளக்க வேண்டும்.

கொக்குமுனைக் கடலுக்கு அடியில், கரையிலிருந்து வெகு தூரத்தில், பெரிய பார் என்று ஒரு பாறைத் திட்டு இருக்கிறது. மீன் மொய்ப்பது அங்கேதான். ஆனால் தண்ணீருக்கு மேலே ஒன்றும் தெரியாது. அதனால் ஊரார் கரையில் முன்னும் பின்னுமாக இரண்டு உயரக் கம்புகளை நட்டு, முன் கம்பில் சிவப்புப் பீப்பாயும் பின் கம்பில் வெள்ளைப் பீப்பாயும் மாட்டியிருந்தார்கள். கடலில் போகிறவன் கரையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போவான். சிவப்புப் பீப்பாய் வெள்ளையை முழுசாக மறைத்துவிட்டால் பெரிய பார் வந்துவிட்டது என்று தூண்டிலைப் போடுவான். ஊர்ப் படகுகள் அத்தனையும் இந்த இரண்டு பீப்பாய்களை நம்பித்தான் பிழைத்தன.

"அடையாளம் இல்லாம கடலுக்குப் போகப்படாதுன்னு அண்ணாச்சி சொல்லிட்டாவ," என்றான் இன்னாசி.

"நமக்கு இருக்கது ரெண்டு அடையாளந்தானே," என்றான் கஸ்பார்.

கழற்றிச் சாக்கில் போட்டுக்கொண்டார்கள். ஊரார் திரண்டு வந்து கை அசைத்து வழியனுப்பினார்கள். சாக்கில் என்ன இருக்கிறது என்று தெரிந்தும் ஒருவராவது தடுக்க வேண்டுமே? வெளிநாட்டுக்குப் போகிற பிள்ளைகள், வெறுங்கையோடு போகலாமா என்றுதான் எல்லாரும் சொன்னார்கள்.

குளிர் தேசத்தில் போய் இறங்கினார்கள். சிவபாதம் நல்ல மனுஷர். சூடாகச் சாப்பாடு போட்டு, தடித்த சட்டை கொடுத்து, படகின் சாவியைக் கையில் வைத்தார். கூடவே ஒரு மரக் கோலையும் கொடுத்தார். அதில் ஒரு கோடு கீறியிருந்தது. மீனின் தலையிலிருந்து வால் நுனிவரை நீளம் அந்தக் கோட்டைத் தொட்டால்தான் மீன் கணக்கில் சேரும் என்று சொல்லிவிட்டு அவர் வேலைக்குப் போய்விட்டார்.

முதலில் துறைமேடையிலிருந்தே வலையை விட்டார்கள். கம்பளிக் குல்லாக்கள் தண்ணீரை வயிறு முட்டக் குடித்தன. மிதவைகள் ஒவ்வொன்றாகத் தலையைத் தாழ்த்தி உள்ளே போயின. வலையும் பின்னாலேயே போனது. கரையில் நின்று பார்த்தவர்களுக்கு, குல்லா போட்ட ஒரு பெரிய குடும்பம் வரிசையாகக் கடலில் இறங்குவதுபோல் இருந்திருக்கும்.

"கீழ கதகதப்பா இருக்கும்போல," என்று சிரித்தான் வியாகுலம்.

இனி கைத்தூண்டில்தான் கதி. படகை எடுத்துக்கொண்டு பெரிய பாரைத் தேடிப் போக வேண்டும். பீப்பாய்களை எங்கே மாட்டுவது என்ற கேள்வி வந்தது. கரையில் மாட்டினால் யாராவது தூக்கிப் போய்விடுவார்கள், அந்நிய தேசம். அதனால் பத்திரமாகப் படகிலேயே மாட்டினார்கள். படகின் முன் நுனியில் வெள்ளை, நடுக்கம்பில் சிவப்பு. இன்னாசி பின்பக்கம் போய் உட்கார்ந்து முன்னே பார்த்தான். சிவப்பு வெள்ளையை அப்படியே மறைத்திருந்தது.

"எலேய், கயித்த அவுக்காதீய. பெரிய பாருக்கு மேலதான் நிக்கோம்."

படகு இன்னும் துறைமேடையில் கட்டியிருந்தது. கஸ்பாருக்குச் சந்தேகம். அவன் படகின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான்.

"எனக்கு ரெண்டும் தள்ளித் தள்ளில்லா தெரியுது."

"அப்ப நீ பெரிய பார்ல இல்ல. இந்தப் பக்கம் வா."

கஸ்பார் எழுந்து பின்பக்கம் வந்து பார்த்தான். சரியாக இருந்தது. வியாகுலத்தையும் அழைத்தார்கள். மூவரும் பின்பக்கத்தில் ஒருவரை ஒருவர் நெருக்கிக்கொண்டு உட்கார, படகின் முன்பக்கம் வானத்தைப் பார்த்தது. அப்படியே தூண்டிலை இறக்கினார்கள். பார் தங்களைத் தேடி வந்துவிட்டதில் மூவருக்கும் அவ்வளவு சந்தோஷம். டீசலும் மிச்சம்.

நாட்கள் போயின. துறைமேடைக்கு அடியில் ஒரு பழைய செருப்பும் கொஞ்சம் பாசியும்தான் கிடைத்தன. தினமும் வேலைக்குப் போகும்போது சிவபாதம் பார்த்தார். படகு கட்டியபடியே இருந்தது. ஏதோ பழகிக்கொள்கிறார்கள் என்று நினைத்துப் பேசாமல் போனார். இன்னாசிக்கு உள்ளுக்குள் பயம் பிடித்துக்கொண்டது. கண்ணை மூடினால் பூட்டிய கதவுதான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை நரம்பு வெட்டி இழுத்தது. மூவரும் சேர்ந்து இழுத்ததில் ஒரு மீன் துள்ளிக்கொண்டு மேலே வந்தது. வாளியில் கடல்நீர் எடுத்து அதில் விட்டார்கள். வியாகுலம் அழுதான். அவன் அழுது அவர்கள் பார்த்ததில்லை. கஸ்பார் ஓடிப்போய்ச் சிவபாதத்தைக் கையோடு கூட்டி வந்தான்.

சிவபாதம் மீனைக் கோலில் வைத்துப் பார்த்தார். முகம் வாடிவிட்டது. கோட்டுக்கு இரண்டு விரல் குறைந்தது.

"வாலை லேசா இழுத்தா வந்துரும் அண்ணாச்சி," என்றான் கஸ்பார்.

"அப்பிடிச் செய்ய ஏலாது தம்பி. இஞ்ச சட்டம் கடுமை. சின்ன மீனை உயிரோட திருப்பி விடோணும். எங்க பிடிச்சியளோ அங்கயே கொண்டுபோய் விட்டிட்டு வாங்கோ. நாளைக்கு ஒரு நாள் இருக்குத்தானே, பாப்பம்."

தட்டிக்கொடுத்துவிட்டு அவர் போனார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. யாரிடம் சொல்கிறோம் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியவில்லை.

மூவரும் வாளியைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"எங்க புடிச்சோம்?" என்று கேட்டான் கஸ்பார்.

இன்னாசி வெகுநேரம் யோசித்தான். "செவப்பு வெள்ளைய மறைச்சிதா?"

"மறைச்சிது."

"அப்ப பெரிய பார்ல புடிச்சோம்."

"பெரிய பார் எங்க இருக்கு?"

"கொக்குமுனையில."

சோதனைக்கு இன்னும் ஒரு நாள் பாக்கி இருக்கிறதே, அதை விட்டுவிட்டுப் போவதா என்று வியாகுலம் மெல்லக் கேட்டான். இன்னாசிக்கும் அதே கவலை. வேலை போகும், கதவும் திறக்காது. ஆனால் சட்டம் என்று அண்ணாச்சி சொல்லிவிட்ட பிறகு என்ன செய்வது? உண்ட வீட்டுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தருகிறவர்கள் அல்ல கொக்குமுனைக்காரர்கள். வாளியைத் தூக்கிக்கொண்டார்கள். அளவுகோலையும் மறக்காமல் எடுத்துக்கொண்டார்கள். பீப்பாய்கள் படகில் இருப்பதுதான் யாருக்கும் நினைவில்லை.

ஞாயிற்றுக்கிழமைச் சீட்டை எப்படி மாற்றினார்கள், விமானத்தில் வாளியை எப்படி ஏற்றினார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். வழி நெடுக மூவரும் மாறி மாறி ஐஸ் கேட்டு வாங்கினார்கள் என்றும், அவ்வளவு தாகமுள்ள பயணிகளை அந்தப் பணிப்பெண் அதுவரை பார்த்ததில்லை என்றும் மட்டும் கேள்வி.

கொக்குமுனையில் இறங்கியபோது ஊரே கடற்கரையில் கிடந்தது. இவர்கள் போன நாளிலிருந்து ஒருவருக்கும் பெரிய பார் அகப்படவில்லையாம். படகுகள் கடலுக்குப் போவதும், கரையைத் திரும்பிப் பார்ப்பதும், மறைப்பதற்கு ஒன்றும் இல்லாததைக் கண்டு வீடு வருவதுமாக இருந்தன. ஊரில் மீன் குழம்பு வைத்து நாளாகிவிட்டது.

பிலோமினா இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். மீன் எங்கே என்று கேட்டாள்.

"இருக்கு. ஆனா கொழம்பு வைக்கப்படாது," என்றான் இன்னாசி. "அது இந்தூரு மீனு. பார்ல விடதுக்குக் கொண்டாந்திருக்கோம்."

வாளியைப் படகில் ஏற்றினார்கள். படகைத் தள்ளப் போகும்போதுதான் இன்னாசி கரையைத் திரும்பிப் பார்த்தான். இரண்டு கம்புகளும் மொட்டையாக நின்றன. உடனே தொலைபேசியை வாங்கிச் சிவபாதத்தைக் கூப்பிட்டான். அங்கே அவர் இவர்களைக் காணாமல் போலீசுக்குப் போகலாமா என்று துறைமேடையில் நின்றுகொண்டிருந்தார். அவர் கேட்டதற்கெல்லாம் இன்னாசி பதில் சொல்லவில்லை. படகின் பின்பக்கம் போய் உட்கார்ந்து முன்னே பார்த்து, பீப்பாய்கள் எப்படித் தெரிகின்றன என்று மட்டும் சொல்லும்படி கெஞ்சினான். பாவம், அந்த மனுஷர் ஏறி உட்கார்ந்தார்.

"ஓம், சிவப்பு வெள்ளையை மறைச்சுக்கொண்டுதான் நிக்குது. அதுக்கென்ன இப்ப?"

இன்னாசி தொலைபேசியை வைத்துவிட்டு ஊராரைப் பார்த்தான்.

"பெரிய பார் இப்ப இங்க இல்ல. அண்ணாச்சி படகுக்குக் கீழ இருக்கு."

நல்ல வேளையாக மீனை விடவில்லையே என்று கஸ்பார் சொன்னான். தவறான கடலில் விட்டிருந்தால் என்ன பாவம் வந்திருக்கும்? மீன் திரும்பப் போக வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. பார் அங்கே இருப்பதால் ஊர் ஆண்கள் அனைவரும் தூண்டிலோடு கூடவே போக வேண்டும் என்றும் தீர்ப்பாயிற்று. நெரிசலுக்குப் பயந்து சிலர் அப்போதே பேருந்து நிறுத்தத்துக்குப் போய் இடம் பிடித்தார்கள்.

பிலோமினா வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். இந்தப் பச்சைப்பிள்ளையை மறுபடியும் அந்தக் குளிருக்கா அனுப்புவது என்று அவளுக்கு மனசு கேட்கவில்லை. வீட்டுக்குப் போய், மிஞ்சியிருந்த குரங்குக் குல்லாவை எடுத்து வந்து, அதன் தலையில் நன்றாக இழுத்து மாட்டிவிட்டாள்.

குல்லாவின் உச்சியில் ஒரு கம்பளிக் குஞ்சம் இருந்தது. வியாகுலம் அதைப் பார்த்தான். பிறகு அளவுகோலைப் பார்த்தான். மீனைக் கோலின் மேல் கிடத்தினான். வால் நுனியிலிருந்து குஞ்சம்வரை அளவு சரியாகக் கோட்டைத் தொட்டது.

இன்னாசி மறுபடியும் சிவபாதத்தைக் கூப்பிட்டான்.

"அண்ணாச்சி, மீனு வளந்துட்டு. வேல எங்களுக்குத்தானே?"

பிலோமினா கதவைத் திறக்கப் போனாள்.