நாற்பதடி வழக்கு

முன்னொரு காலத்தில், ஆற்றங்கரைத் தலைநகர் ஒன்றில், அரசன் மீசையில் சிக்கிய ஒரு வைக்கோல் துரும்பிலிருந்து பேரநீதி ஒன்று முளைத்தது.

அந்நகரின் நடுவே ஈசன் கோயில். அதைச் சுற்றி நான்கு மாடவீதிகள். தை மாதத்துக் காலைப் பொழுதொன்றில் அரசன் குதிரைமேல் கீழை வீதியில் வர, எதிரே வைக்கோற் பாரவண்டி ஒன்று வந்தது. ஒதுங்க இடமில்லை. பாரம் அரசனை உரசிக்கொண்டு போயிற்று. மீசையில் ஒரு துரும்பு தங்கிற்று. கண்டவர் எவரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவர்கள் பட்ட பாட்டைத்தான் அரசனால் பொறுக்க முடியவில்லை.

அன்றே முரசறைந்தார்கள்: “மாடவீதிகளில் செல்வோர் யாவரும் கோயிலை வலமாகவே செல்க! இடமாக எதிர்த்து வருவோரின் ஊர்தியும் எருதும் பறிக்கப்படும்!”

ஆணையில் குற்றமில்லை. வலம் வருதல் யாவர்க்கும் நன்றே. நகரத்து வழக்குரைஞர்களும் அதை நெறியோடு நடத்தினார்கள். பிடிபட்டவனிடம் முதலில், “ஏனப்பா அப்படி வந்தாய்?” என்று கேட்பார்கள். பேறுகாலத்துக்கு ஓடிய மருத்துவச்சியை விட்டுவிடுவார்கள். பந்தயம் ஓட்டிய செல்வர் மகனின் தேரைப் பறித்துவிடுவார்கள். அப்படிப் பறிபட்ட தேர்களுள் ஒன்று நகரத் தலைவர் வில்லவராயரின் மருமகனுடையது. அன்றுமுதல் அவருக்கு உள்ளூர் வழக்குரைஞர்கள் ஆகாதவர்கள் ஆனார்கள்.

“மன்னர் பெருமானே, ஊரார்மேல் ஊராரே வழக்காடினால் உறவு குறுக்கே நிற்கும். அயல்நாட்டில் வாதசிங்கர் என்றொருவர் இருக்கிறார். இதுவரை தோற்றறியாதவர். வீதி வழக்குகளை அவரிடமே ஒப்படைக்கலாம்” என்றார் வில்லவராயர். அந்த வாதசிங்கர் தம் மருமகனுக்குத் தாய்மாமன் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

நாட்டில் நாவுக்கா பஞ்சம்? அறம் அறிந்த நாக்குகள் ஆயிரம் இருக்க, அயலிலிருந்து ஒரு நாக்கைப் பல்லக்கில் சுமந்து வந்தார்கள். அவருக்கும் நகரத்துக்கும் ஓர் உடன்படிக்கை எழுதப்பட்டது. ஆணை பிறந்த நாள்முதல் நடந்த மீறல் எதையும் அவர் விடலாகாது. எவர் முறையிட்டாலும் வழக்காட வேண்டும். உள்ளூரார் எவரும் வழக்குமன்றத்தில் அவருக்கு ஆலோசனை சொல்லலாகாது. இந்தக் கடைசி வரியை வில்லவராயர் தம் கையாலேயே எழுதினார்.

சித்திரையில் வந்த வாதசிங்கர் கோட்டைக்கு வெளியே மாளிகையில் தங்கினார். திரையிட்ட பல்லக்கில் வழக்குமன்றம் வந்தார். திரையிட்ட பல்லக்கிலேயே திரும்பினார். எந்த வீதிக்காக வழக்காடினாரோ, அந்த வீதியில் அவர் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. மருத்துவச்சியின் வண்டி போயிற்று. பூக்காரியின் கழுதை போயிற்று. ஏன் வந்தாய் என்று கேட்க ஒருவரும் இல்லை.

பிறகு மாசிலாமணியின் எருது பிடிபட்டது.

மாசிலாமணி ஈசனுக்குத் திருமஞ்சன நீர் கொண்டுவருபவன். ஆற்றுத்துறை வழி மாடவீதியைத் தொடும் தென்கிழக்கு மூலையிலிருந்து கீழைக் கோபுர வாயில் நாற்பதடி. ஆனால் அந்த நாற்பதடியும் இடமாகச் செல்வது. வலமாக வருவதென்றால் நான்கு வீதியையும் சுற்ற வேண்டும். குடத்து நீர் தளும்பிப் பாதியாகும், பூசைப் பொழுதும் தவறும். ஆகவே நீர்வண்டி நேரே போவதென்பது பாட்டன் பூட்டன் காலத்து வழக்கம். ஊரில் பால் குடிக்கும் பிள்ளைக்கும் அது தெரியும். அதனாலேயே எவரும் அதை எழுதி வைக்கவில்லை.

“எந்த ஓலையில் இருக்கிறது விலக்கு?” என்று கேட்டார் வாதசிங்கர்.

“ஓலை தெரியாதுங்க சாமி. எம் மாட்டுக்கு வழி தெரியும். நான் தூங்கிட்டாக்கூட அது நேரா கோபுர வாசல்லதான் போய் நிக்கும். அதைப் புடிச்சுட்டா நாளைக்குச் சாமி எப்படிங்க குளிக்கும்?”

“சாமி குளிப்பது என் உடன்படிக்கையில் இல்லை. எருதைப் படைப்பாரம் இழுக்க எல்லைக்கு ஓட்டுக!”

மறுநாள் உச்சிப்பொழுதில் ஓட்டுவதாக முடிவாயிற்று. செய்தி கேட்ட அரசவை விகடர் முறுவல்நம்பி, பாதி உண்ட சோற்றை விட்டெழுந்து அரசன்முன் வந்து நின்றார். அன்று அவர் முகத்தில் முறுவல் இல்லை.

“மன்னா, உன் மீசைத் துரும்புக்காக ஈசன் திருமேனி காய வேண்டுமா?”

வில்லவராயர் முந்திக்கொண்டார். “விகடருக்கு இரக்கம் மிகுந்துவிட்டது. வாதசிங்கரோடு மோதிப் பார்க்கட்டுமே! தோற்றால் அந்த எருதுக்குப் பதிலாக ஓராண்டு நீர்வண்டியை அவரே இழுக்கட்டும்.”

அரசனுக்கு அந்த வேடிக்கை பிடித்துவிட்டது. “நம்பி, இந்த ஆணைக்கு விலக்கு உண்டென்று வாதசிங்கர் தம் வாயாலேயே சொல்ல வேண்டும். சொல்லவைத்தால் எருதை விடுகிறேன். இல்லையேல் நுகத்தடி உன் கழுத்தில்!”

“நுகத்தை இப்போதே துடைத்து வைக்கச் சொல்லுங்கள்” என்றார் வில்லவராயர்.

“கழுத்து எவருடையது என்று தெரிந்தபின் துடைக்கலாம்” என்று சொல்லிவிட்டு முறுவல்நம்பி போனார்.

மறுநாள் காலை வழக்குமன்றம் நிறைந்திருந்தது. அரசனும் வந்து அரியணையில் அமர்ந்தான். வாயிலில் மாசிலாமணி எருதின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றான்.

“நான் வழக்கைத் தடுக்க வரவில்லை, புதிய வழக்கொன்று கொடுக்க வந்தேன்” என்று தொடங்கினார் முறுவல்நம்பி. “பங்குனி உத்திரத்தன்று பெருங்குடிப் பெண்ணொருத்தி கணவரோடு வீதியில் வந்தாள். வேட்டைக்குப் போனவர் தாமதித்து வந்தார் என்று அவள் மனத்தில் சினம். தெற்கு வீதியின் நடுவில் தன் பல்லக்கைத் திருப்பச் செய்து, மூலை கடந்து, கீழை வீதியில் இடமாகவே வீடு போய்ச் சேர்ந்தாள். இந்த எருது நடந்த அதே நாற்பதடி!”

எழுத்தாணி ஒன்று தரையில் விழுந்தது. அவையில் மூச்சொலியும் இல்லை. அந்த அமைதியைத் தம்மீது கொண்ட அச்சம் என்று வாதசிங்கர் எண்ணிக்கொண்டார்.

“வாதசிங்கரே, சற்றுப் பொறும்…” என்று எழுந்தார் வில்லவராயர்.

“உள்ளூரார் ஆலோசனை சொல்லலாகாது!” என்றார் முறுவல்நம்பி. “உங்கள் கையெழுத்து, ராயரே. உட்காருங்கள்.”

வாதசிங்கர் மேலாடையை உதறிப் போட்டுக்கொண்டார். “ஊடல் கொண்டவள் வீட்டுக்குள் ஊடட்டும்! வீதியை அதற்கா போட்டார்கள்? குடிப்பெருமை கண்டு நான் அஞ்சுபவன் அல்லன். அவள் பல்லக்கைப் பறிக்க வேண்டும். வாசற்கதவைச் சாத்தி முத்திரையிட வேண்டும்!”

“பின்னால் நடந்தவர்களை?”

“உடந்தையர்! எத்தனை பேர்?”

“ஊர் முழுவதும். வெண்குடை பிடித்து முன்னே நடந்தவர் ஒருவர் தனியே உண்டு.”

“அவனே முதற்குற்றவாளி! எங்கே அவன்?”

“அரியணையில் இருக்கிறார். கேளுங்கள்.”

வாதசிங்கரின் கை மேலாடையிலேயே நின்றுவிட்டது. “அந்தப் பெண்… அந்தப் பெண் யார்?”

“உலகீன்ற எம் அம்மை” என்று கைகூப்பினார் முறுவல்நம்பி. “திருவூடல் நாளில் அவள் அப்படித்தான் வீடு திரும்புவாள். ஊர் பின்னால் வர, மன்னர் முன்னே குடைபிடித்து நடப்பார். பல்லக்கைப் பறியுங்கள். கோயிற்கதவைச் சாத்துங்கள். உங்கள் முத்திரை எங்கே?”

வாதசிங்கர் அரசனைப் பார்த்தார், வில்லவராயரைப் பார்த்தார், வறண்ட நாவால் உதட்டைத் தடவினார். “அது திருவிழா. அதற்கு விலக்கு உண்டு.”

“எந்த ஓலையில்?”

“ஓலை எதற்கு? ஊரறிந்த வழக்கம் அன்றோ?”

முறுவல்நம்பி அரசன்பக்கம் திரும்பினார்.

“கேட்டாயா, மன்னா? அவர் வாயாலேயே வந்தது. அம்மை நடந்த நாற்பதடி ஊரறிந்த வழக்கம் என்றால், அவள் நீராடும் நீர் நடந்த நாற்பதடி எவரறியாத வழக்கம்? அவள் தெய்வம், வழக்கிட்டால் உன் அரியணை ஆடும். இவன் ஏழை, வழக்கிட்டால் ஒரு மாடுதான் கத்தும். வேறு என்ன வேற்றுமை? ஊரையே காணாத ஒருவரை ஊரைத் தண்டிக்க அழைத்து வந்தோமே, வெட்கமாயில்லையா? உள்ளூர் வழக்குரைஞன் கேட்ட ‘ஏன்’ என்னும் ஒரு சொல்லுக்கு, தோற்றறியாத இந்த நாக்கு முழுவதும் ஈடாகுமா?”

அவை நடுங்கிற்று. அரசன் முகம் சிவந்தது. பிறகு அவன் மீசை மெல்லத் துடித்தது. “முதற்குற்றவாளி நான்! என் மன்றத்தில், என் அழைப்பில் வந்தவர், என்னையே…” என்று சொல்லி முடிக்குமுன் வெடித்துச் சிரித்தான். தை மாதத்திலிருந்து அடக்கி வைத்த சிரிப்பை அவையும் அன்று சேர்த்துச் சிரித்துத் தீர்த்தது.

எருது விடுபட்டது, மருத்துவச்சியின் வண்டியும் பூக்காரியின் கழுதையும் திரும்பின. உடன்படிக்கை கிழிந்தது. உள்ளூர் வழக்குரைஞர்கள் மீண்டும் அமர்ந்தார்கள். வாதசிங்கருக்கென நெய்து வைத்திருந்த பொன்னாடையை அரசன் முறுவல்நம்பிக்குப் போர்த்தி, “இன்னும் என்ன வேண்டும்?” என்று கேட்டான்.

“ராயர் துடைத்து வைக்கச் சொன்ன நுகம் வீணாகலாகாது. ஒரே ஒரு நாள் போதும், மன்னா.”

மறுநாள் விடியற்காலையில் கீழை வீதியில் குதிரைமேல் வந்த அரசன் கடிவாளத்தை இழுத்து நிறுத்தினான். எதிரே, இடமாக, நீர்வண்டி வந்துகொண்டிருந்தது. நுகத்தில் ஒருபக்கம் எருது. மறுபக்கம் மூச்சிரைக்க வில்லவராயர். மாசிலாமணி குடங்களைப் பிடித்தபடி நடந்து வந்தான்.

“ராசா வர்றாருங்க, ஒதுங்கணுமுங்களா?” என்று பதறினான்.

எருது ஒதுங்கவில்லை. அரசன் சிரித்தபடி இறங்கி, குதிரையைத் தானே பிடித்துச் சுவரோரம் ஒதுங்கி நின்றான். குடத்து நீர் ஒரு துளி தளும்பி அவன் மீசைமேல் விழுந்தது. அவன் அதைத் துடைக்கவில்லை.