ஆடத் தெரியாத பேண்டு மாஸ்டர்

"என் குழுவிலிருந்து யாரையாவது நீக்கியாக வேண்டும், மாயெஸ்த்ரா. யாரை என்றுதான் தெரியவில்லை."

எவரிஸ்தோ தொப்பியைக்கூடக் கழற்றாமல் ருஃபினாவின் சமையலறையில் வந்து உட்கார்ந்தார். மாயெஸ்த்ரா என்றால் அந்த ஊரில் குருவம்மா.

பியூனஸ் அயர்ஸில் டாங்கோ இசைக்குழு நடத்துகிறவர்களில் எவரிஸ்தோவுக்குப் பெரிய பெயர். அவர் மடியில் விரிந்து சுருங்கும் துருத்திப்பெட்டியைக் கேட்க வெளியூரிலிருந்தெல்லாம் ஆள் வரும். அவரை முதலில் மேடையேற்றியவர் ருஃபினா. வயதில் கொஞ்சம்தான் மூத்தவர். விரல் மூட்டுகள் வீங்கிப் பியானோவை மூடிய அன்று, தன் குழுவை அப்படியே எவரிஸ்தோ கையில் கொடுத்துவிட்டார்.

"என்ன குறை?"

"கூட்டம் வருகிறது. உட்காருகிறது. கை தட்டுகிறது. ஆட மட்டும் ஒருத்தரும் எழுந்திருப்பதில்லை. அது நடன அரங்கம் மாயெஸ்த்ரா! இந்தச் சனிக்கிழமையும் இப்படியே போனால் வேறு குழுவைப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார் முதலாளி."

"யார் தப்பாக வாசிக்கிறார்கள்?"

"யாருமில்லை. நான் விடுவேனா?"

ருஃபினா அடுப்பைத் தணித்தார். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"எழுந்திரு. ஆடு."

"எனக்கு ஆடத் தெரியாதே."

"ஊரையே ஆட வைத்தவனாயிற்றே நீ!"

"ஊர் ஆடும்போது நான் மேடையில் அல்லவா இருந்தேன்?"

"இப்போது கீழேதான் இருக்கிறாய். வா."

அவர் தோளில் கை வைத்து ருஃபினா பாடத் தொடங்கினார். எவரிஸ்தோவே போட்ட மெட்டு. எவரிஸ்தோ வாசிக்கும் அதே வேகம்.

அவர் ருஃபினாவின் காலை மிதித்தார். மறுபடியும் மிதித்தார்.

"கொஞ்சம் பொறுங்களேன்! காலை எடுத்து வைக்கவே விடமாட்டேன் என்கிறீர்கள்!"

"நானா விடவில்லை? உன் பாட்டு. நீ வாசிக்கிற மாதிரியேதான் பாடுகிறேன்."

எவரிஸ்தோ அப்போதுதான் தொப்பியைக் கழற்றினார்.

ருஃபினா மறுபடி ஆரம்பித்தார். வரி முடிகிற இடத்தில் நிறுத்தினார். எவரிஸ்தோவின் கால் தயங்கி, தடுமாறி, தரையைத் தொட்டது. அப்புறம்தான் அடுத்த வரி வந்தது.

தனக்காக ஒரு பாட்டு காத்து நின்றதை அவர் அன்றுதான் கண்டார். கண் கலங்கிவிட்டது.

"அழாதே. மிதிபட்டவள் நான்," என்றார் ருஃபினா. "சாப்பிட்டுவிட்டுப் போ."

சனிக்கிழமை மாலை.

வெகுநேரம் யாரும் எழவில்லை. கடைசியில் ஓரத்து மேஜையிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். கணவர் ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடந்தார். மனைவி கூச்சத்தோடு சுற்றிலும் பார்த்தாள்.

எவரிஸ்தோ இசைத்தாளிலிருந்து கண்ணை எடுத்தார். வரி முடிகிற இடத்தில் துருத்தியை விரித்தபடியே நிறுத்தினார். தாங்கிய கால் தரையில் ஊன்றியதும் அடுத்த வரியைத் தொட்டார்.

அரங்கில் இங்கொன்றும் அங்கொன்றுமாக நாற்காலிகள் நகர்ந்தன.

அடுத்த வரியின் முடிவில் அந்தக் காலுக்காக இன்னும் கொஞ்சம் கூடுதலாக நிறுத்தினார். தூக்கிய வயலின் வில்லோடு குழுவே காத்து நின்றது.

பக்கத்திலிருந்த வயலின்காரி தெல்மா பதறிப்போய்க் குனிந்தாள்.

"மறந்துவிட்டதா மாஸ்டர்?"

"இல்லையம்மா. அவர் இன்னும் வந்து சேரவில்லை."